உரையாடற் பாசுரமும் அச்சுக் குறிகளும்

திருப்பாவையின் 15ஆம் பாசுரம் முழுவதும் உரையாடலாய் அமைந்தது. வாசலில் நிற்கும் ஆய்ச்சியர் எழுப்ப, உள்ளே கிடப்பவள் மறுமொழி கூறுகிறாள். ஆறாம் அடியிலோ அவளது வினாவும் அவர்களது விடையும் ஒருங்கே அடங்குகின்றன. ஆயினும் ஏட்டுச் சுவடிகளில் மேற்கோட்குறியும் இல்லை, வினாக்குறியும் இல்லை. இன்ன சொல் இன்னாருடைய வார்த்தை என்பதைப் பெரியவாச்சான் பிள்ளை முதலான பூர்வாசாரியர்களின் வியாக்கியானங்களே காட்டித் தந்தன.

மேனாட்டுக் குறிகள் அச்சோடு வந்தவை. பேசுவோர் மாறுந்தோறும் அடியை முறித்து அச்சிட்டால், எட்டடிகளையும் கோக்கும் எதுகை கண்ணுக்கு மறைகிறது. அடியை முறியாது மேற்கோட்குறி இட்டால் எதுகையும் நிற்கும், உரையாடலும் விளங்கும்.

அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890–1967) இப்பிரபந்தத்துக்கு இசையமைத்தார். ஸ்வரப்படுத்தி அச்சிடுகையில் மற்றொரு சிக்கல் எழுகிறது. ஸ்வரக் குறிப்பில் காற்புள்ளி குறில் ஸ்வரத்தின் அளவையும், அரைப்புள்ளி அதன் இரட்டிப்பையும் குறிக்கும் காலக் குறிகளாகும். பொருள் பிரிக்க ஸாஹித்ய வரியில் இட்ட காற்புள்ளியைப் பாடுவோர் கார்வையாகக் கொள்ள இடமுண்டு. ஆகவே ஸ்வரத்தின் கீழ்வரும் வரியைக் குறியின்றி விடுத்து, தனியே அச்சிடும் மூலத்திலும் பதவுரையிலும் குறியிடுவதே தகும்.

குறியிடுதலும் ஒருவகை வியாக்கியானமே. அது பூர்வாசாரியர் நிர்வாஹத்தைப் பின்செல்ல வேண்டும், முந்திச் செல்லலாகாது.