தம்போய் மருத்துவமனையும் மூளை வேதியியலின் தொடக்கமும்

ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் 1937ஆம் ஆண்டு மனநோயாளர்க்கான மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் நிறுவப்பெற்ற மருத்துவமனையோடு சேர்த்து, தீபகற்ப மலேசியாவின் இரு பெரும் மனநல நிலையங்களுள் ஒன்றாக இது விளங்குகின்றது. இன்று இதன் பெயர் பெர்மாய். மலாய் மொழியில் எழில் என்பது பொருள். ஆயினும் ஜொகூர் மக்களின் பேச்சில் தம்போய் என்ற ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகி நிலைத்துவிட்டது. வகுப்பறையில் இச்சொல்லைக் கேளாத ஆசிரியர் அங்கே அரிதாகவே இருப்பர் எனலாம்.

அம்மருத்துவமனை தோன்றிய காலத்தில் மருத்துவர்களிடம் இருந்த வழிகள் மிகச் சிலவே. மருந்து என்பது பெரும்பாலும் உறங்கச் செய்யும் மருந்தே. மலேரியாக் காய்ச்சலை வருவித்தல், இன்சுலினால் மயக்கமூட்டல் ஆகிய கடும் முறைகள் உலகில் வழங்கின. மின்னதிர்ச்சி முறை 1938இல் இத்தாலியில் தோன்றியது. அடைத்து வைத்துக் காத்தலே அன்று சிகிச்சையின் பெரும்பகுதி. போர்க்காலத்தில் இவ்வளாகத்தின் ஒரு பகுதி வேறு பயனுக்கும் உள்ளாயிற்று: 1941 இறுதியில் ஆஸ்திரேலியப் படையின் 13ஆம் பொது மருத்துவமனை இங்குத் தங்கி, 1942 ஜனவரியில் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. தம்போய் மருத்துவமனை திறக்கப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, புதிய வழிக்கான குறிப்பு இந்தியாவில் அச்சேறியிருந்தது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் சர்ப்பகந்தி வேர் பித்தையும் உயர் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினர். வட இந்தியச் சந்தைகளில் இவ்வேர் ‘பாகல் கி தவா’, அதாவது பைத்திய மருந்து, என்றே விற்கப்பட்டது. மேலைநாடுகள் அக்குறிப்பைப் பொருட்படுத்தவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரித்தானிய இதயவியல் இதழில் எழுதிய பின்னரே அவர்தம் கவனம் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நியூயார்க்கின் நேதன் கிளைன் அதை மனநோயாளர்களிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார்.

மருந்து பயன் தந்தது. அது எவ்வாறு செயல்படுகின்றது என்பது தெரியவில்லை. இவ்வினாவே மூளை வேதியியலைத் திறந்த சாவியாயிற்று. 1955இல் அமெரிக்காவில் பிராடி குழுவினர், ரெசர்பின் உடலிலுள்ள செரோடோனின் இருப்பைக் குறைப்பதைக் கண்டனர். அவரிடம் சில மாதங்கள் பயின்று திரும்பிய சுவீடன் ஆய்வாளர் அர்விட் கார்ல்சன் (1923–2018) மேலும் ஆராய்ந்தார். ரெசர்பின் தரப்பட்ட முயல்கள் காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. செரோடோனினாக மாறும் முன்பொருளைக் கொடுத்தும் அவை எழவில்லை. டோபாவைச் செலுத்தியதும் சிறிது நேரத்தில் தலைநிமிர்ந்து நடமாடின. மூளையைச் சோதித்தபோது அங்கே மீண்டிருந்தது டோபமின். அதுவரை வேறொரு பொருள் உருவாகும் வழியிலுள்ள இடைப்பொருளாக மட்டுமே கருதப்பட்டது அது. 1957இல் வெளிவந்த இக்கருத்தை 1960இல் இலண்டன் ஆய்வரங்கில் அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர் என்பதையும் நாம் குறிப்பிடல் வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கான மருத்துவம் இக்கண்டுபிடிப்பிலிருந்தே கிளைத்தது. 2000இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசின் பங்கு கிடைத்தது.

1952 முதல் பிரான்சில் வழங்கிய குளோர்புரோமசின் நாளடைவில் ரெசர்பினை மனநோய்த் துறையிலிருந்து ஒதுக்கிவிட்டது. அம்மருந்தும் டோபமின் செயற்பாட்டையே தடுக்கின்றது என்னும் கருத்துக்கு அடிப்படையிட்டதும் 1963இல் கார்ல்சன் வெளியிட்ட ஆய்வே. இத்தகைய மருந்துகள் பரவிய பின், நெடுங்காலம் அடைத்து வைக்கும் நிலையங்களாக இருந்தவை மெல்ல மருத்துவமனைகளாக மாறின.

எனினும், மனநோய் என்பது மூளையில் ஒரு பொருளின் குறைவு என்று எளிமைப்படுத்துதல் சரியன்று. மனச்சோர்வுக்குச் செரோடோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என 2022இல் வெளியான விரிவான மறுஆய்வு ஒன்று கூறியது. அம்முடிவும் வாதத்துக்கு உள்ளானது. ஆனால் ‘இது உடல்நோய் போன்றதே, சாபமன்று’ என்று ஒரு குடும்பத்திடம் சொல்ல அவ்விளக்கம் துணைநின்றதை நாம் மறுப்பதற்கில்லை.

மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் மனக்கோளாறுச் சட்டத்தின் இடத்தில் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 2010இல் நடைமுறைக்கு வந்தது. நோயாளர் தாமே விரும்பிச் சேர்வதற்கும், சமூக மனநல நிலையங்கள் அமைப்பதற்கும் அதில் இடமுண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. தம்போய் என்னும் கேலிச்சொல் மட்டும் ஜொகூர்ப் பள்ளித் திடல்களில் இன்னும் வழங்குகின்றது.