குழலுக்கும் குண்டுக்கும் இடையில்

1857ஆம் ஆண்டு எழுச்சியைப் பற்றி எழுதுவோர் அனைவரும் தோட்டாவில் தடவிய கொழுப்பைக் குறிப்பிடுகின்றனர். அக்கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என விளக்குவோர் அரிது. அதை அறியாதபோது, சிப்பாய்களின் அச்சத்தை வதந்தி என்று தள்ளிவிடுவது எளிதாகிவிடுகிறது.

கம்பெனிச் சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் அதுவரை ஏந்தியது உட்புறம் வழவழப்பான துப்பாக்கி. அதன் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம், குண்டு அதைவிடத் தெளிவாகச் சிறியது. வாய்வழியே இட்டால் தானே உருண்டு இறங்கும், கொழுப்புக்கு வேலையில்லை. குறிதான் நிலைக்காது. ரைஃபிளின் உட்புறத்திலோ சுருள் வரிகள் உண்டு. குண்டு அவ்வரிகளைப் பற்றிச் சுழன்றால்தான் நேராகச் செல்லும். இறுக்கமாக இருந்தால் குண்டு உள்ளே இறங்காது, தளர்ந்திருந்தால் சுழலாது. இச்சிக்கலுக்குப் பழைய தீர்வு, குண்டைக் கொழுப்பிட்ட துணியிலோ மெல்லிய தோலிலோ பொதிந்து இடுவது. பொதியின் தடிப்பும் குண்டின் அளவும் ஒத்துவர வேண்டும். 1800இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைஃபிளுக்கு, குண்டை அடித்திறக்கத் தொடக்கத்தில் சிறு மரச்சுத்தியலும் கொடுத்திருந்தனர்!

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளில் குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568. எஞ்சிய நூலிழை இடைவெளியை நிரப்பியது தோட்டாவின் காகிதமே. சிப்பாய் ஒரு முனையைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாக்கிக் கொழுப்பிட்ட முனையைக் குழலுக்குள் செலுத்துவார். கருமருந்தின் கசடு படிந்த குழலில் கொழுப்பின்றி அது இறங்காது.

ஆக, கொழுப்பு கருவியின் தேவை. எந்த விலங்கின் கொழுப்பு என்பதே கேள்வி. 1853 டிசம்பரிலேயே கர்னல் ஹென்றி டக்கர், சமய உணர்வைப் புண்படுத்தாத கொழுப்பு என்பது உறுதியாகும்வரை இத்தோட்டாக்களை இந்தியப் படைகளுக்கு வழங்கலாகாது என எழுதினார். அவர் சொல் கேட்கப்படவில்லை. கல்கத்தாவில் தோட்டா செய்தபோது, ஆட்சேபத்திற்குரிய கொழுப்பைத் தவிர்க்கத் தனிக் கவனம் எடுக்கப்படவில்லை என்பதைப் படைக்கலத் துறையே பின்னர் ஒப்புக்கொண்டது.

1857 ஜனவரியில் டம்டம்மில் ஐயம் எழுந்ததும், கொழுப்பற்ற தோட்டாக்களை வழங்கவும், சிப்பாய்கள் தாமே விரும்பியதைத் தடவிக்கொள்ளவும் அரசு இசைந்தது. அதற்குள் ஐயம் காகிதத்தின் மீது தாவியிருந்தது. அதன் பளபளப்பிலேயே கொழுப்பு இருப்பதாகக் கருதினர். இதை அறியாமை என்பது நியாயமன்று. ஹராமா எனத் தெளிவில்லாத ஒன்றை வாயில் வைக்காமல் விலகுவதை நம் உலமாக்கள் பேணுதல் என்பர். விடைகூற வேண்டியவர்களிடமோ விடையில்லை.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் இலகு குதிரைப்படையின் 85 வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களிடம் நீட்டப்பட்டவை என்ஃபீல்டு தோட்டாக்களே அல்ல, அவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய பழைய வகை! மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டினர். மறுநாள் மீரட் எழுந்தது.

1859இல் என்ஃபீல்டு குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கொழுப்பின் இடத்தில் தேன்மெழுகு வந்தது.