பென் மசாலா

பென் மசாலா, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மாணவர் பாட்டுக்குழு. 1996-இல் அங்கு படித்த இந்திய வம்சாவளி மாணவர்கள் நால்வர் தொடங்கினார்கள். ஆண்கள் குழுவாகவே உருவான இது, வாத்தியம் ஒன்றுகூட இல்லாமல் இந்தித் திரைப்பாடல்களையும் ஆங்கிலப் பாப் பாடல்களையும் குரலாலேயே கலந்து பாடுகிறது. அக்கப்பெல்லா எனப்படும் இந்த முறையில் தெற்காசியப் பாடல்களைக் கையிலெடுத்த முதல் கல்லூரிக் குழுவாக இது அறியப்படுகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வாத்தியமின்றிக் கூடிப் பாடும் வழக்கம் பழையது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலேயே ‘க்ளீ கிளப்’ என்ற பாட்டு மன்றம் 1862-இல் ஆண்கள் மன்றமாகத் தொடங்கி இருந்துவருகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் விஃபன்பூஃப்ஸ் குழு 1909-இல் பிறந்தது. இந்த வகைக் கல்லூரிக் குழுக்களில் மூத்தது அதுதான். கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக நின்று பழைய ஆங்கிலப் பாட்டுகளைப் பாடும் பிள்ளைகளின் உலகம் அது. அதில் இந்திக்கு இடம் கிடைக்க, 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அதன்பின் அங்கு போய்க் குடியேறிய இந்திய டாக்டர்கள், எஞ்சினியர்களின் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கு வந்தது 1980-களிலும் 90-களிலும். வீட்டில் கேசட்டில் ஓடிய சினிமாப் பாட்டும் வெளியே ரேடியோவில் கேட்ட பாப்பும் அவர்கள் காதில் ஒன்றாகவே கிடந்தன. இரண்டையும் ஒரே பாட்டில் கட்டிப் பாட யாருக்காவது தோன்றாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கட்டிப் பாடுவது சுலபமல்ல. நம் பாட்டு ஒற்றை மெட்டாக ஓடுவது; அதன் அழகு கமகத்திலும் சுரத்துக்குச் சுரம் இழைவதிலும் இருக்கிறது. அக்கப்பெல்லாவுக்கோ ஒரே நேரத்தில் நான்கைந்து சுரங்கள் அசையாமல் நிற்க வேண்டும். மேலே ஒருவர் குழைந்து குழைந்து பாட, கீழே மற்றவர்கள் கம்பிபோல் நின்று ‘ஊ’, ‘ஆ’, ‘டூம்’ என்று தாங்குகிறார்கள். உச்சத்தில் டெனர், நடுவில் பாரிடோன், அடியில் பேஸ். கிடாரின் மீட்டல் ‘ஜின் ஜின்’ என்று வாயில் வரும். ஒருவர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்து டிரம்ஸை உண்டாக்குவார்: உதட்டை வெடிக்கவைத்தால் பெரிய டிரம், தொண்டையின் ‘க்’ சின்ன டிரம், பல்லிடுக்கில் வரும் ‘ட்ஸ்’ ஜால்ரா. கொன்னக்கோல் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் பாதி தெரிந்த சங்கதிதான். சுருதிப் பெட்டி மட்டும் கிடையாது. தொடங்கும் முன் ஒருவர் சிறிய ஊதுகுழலில் ஒரு சுரம் கொடுப்பார். அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை இறங்காமல் போக வேண்டும். லதா மங்கேஷ்கர் பாடிய மெட்டு என்றால் ஆண் குரலுக்குத் தோதாக ஸ்தாயியை முதலில் மாற்றியாக வேண்டும்.

தமிழ்ச் சினிமா இந்த வேலையைத் தன் வழியில் முன்பே செய்து பார்த்திருக்கிறது. ‘திருடா திருடா’ (1993) படத்தின் ‘ராசாத்தி’ பாட்டை ஏ. ஆர். ரஹ்மான் ஏறக்குறைய முழுக்கவும் குரல்களாலேயே கட்டினார். ஆனால் அது ஸ்டுடியோவில் தடம் தடமாகப் பதிவு செய்து சேர்த்தது. பென் மசாலா அதையே பத்துப் பன்னிரண்டு பேரை மேடையில் நிறுத்தி ஒரே மூச்சில் செய்ய வேண்டியிருக்கிறது.

குழுவுக்குப் பேர் வாங்கித் தந்தது இரண்டு பாட்டுகளைப் பின்னுகிற கலவை வேலை. கோல்ட்ப்ளே இசைக்குழுவின் ‘விவா லா விடா’வோடு ‘ஜோதா அக்பர்’ படத்தின் ‘ஜஷ்ன்-ஏ-பஹாரா’வைச் சேர்த்தது இதற்கு நல்ல சான்று. இரண்டும் 2008-இல் வந்தவை. ஒன்றின் அடித்தளத்தின் மேல் மற்றதன் மெட்டு தடையின்றி உட்கார்ந்துவிடுகிறது. எல்லாக் கலவையும் இப்படி அமைவதில்லை. சிலவற்றில் ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று தெரிகிறது.

நான்காண்டில் படிப்பு முடிந்து ஆள் போய்விடுவார். ஆண்டுதோறும் குரல் தேர்வு வைத்துப் புதியவர்களை எடுக்கிறார்கள். இசை அமைப்பு, நிகழ்ச்சி பேசுவது, பணக் கணக்கு எல்லாம் மாணவர் கையில்தான். ‘தி பிரவுன் ஆல்பம்’, ‘ஆன் டீட்டூர்ஸ்’, ‘பனோரமிக்’ உட்படப் பல ஆல்பங்கள் வந்துள்ளன. இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்து பாடியிருக்கிறார்கள்.

2009 அக்டோபரில் வெள்ளை மாளிகைத் தீபாவளி விழாவில் பாடினார்கள். அமெரிக்க அதிபர் ஒருவர் நேரில் கலந்துகொண்டு விளக்கேற்றிய முதல் தீபாவளி அது, ஏற்றியவர் ஒபாமா. கல்லூரிப் பாட்டுக் குழுக்களைப் பற்றிய ‘பிட்ச் பெர்ஃபெக்ட் 2’ (2015) படத்தில் சிறிது நேரம் தலைகாட்டினார்கள்.

வழித்தோன்றல்கள் நிறைய. ஸ்டான்ஃபோர்டில் ராகபெல்லா, இல்லினாயில் சாய் டவுன், மிச்சிகனில் மெய்ஸ் மிர்ச்சி என்று இதே பாணிக் குழுக்கள் கிளம்பின. அவற்றுக்கென்று ‘ஆல் அமெரிக்கன் ஆவாஸ்’ என்ற தேசியப் போட்டியும் நடக்கிறது. பென்சில்வேனியாவிலேயே பெண்கள் ‘ஆத்மா’ என்று தனிக் குழு கண்டார்கள்.

ஆண்கள் மட்டும் என்ற ஏற்பாடு இப்போது ஆட்டம் கண்டுவருகிறது. விஃபன்பூஃப்ஸ் 2018-இல் முதன்முதலாக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டது. கொங்குநாட்டுக்காரர்களுக்கு இது கேட்ட கதை. இன்று வீரபாண்டி, பல்லடம் பக்கமெல்லாம் பெண்களும் பிள்ளைகளும் திரண்டு அரங்கேற்றம் செய்கிற வள்ளி கும்மி என்ற நாட்டுப்புற ஆட்டமும் முன்பு ஆண்களே ஆடியது. பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து அந்தக் கட்டை அவிழ்த்தவர் என்பதற்காகவும் சேர்த்தே மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் எம். பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

தெற்காசியக் குழு என்று சொல்லிக்கொண்டாலும் பென் மசாலாவின் பாட்டுப் பட்டியலில் இந்திக்கே ராஜ்யம். தமிழ் பெரும்பாலும் மறைமுகமாகத்தான் வந்து சேர்கிறது. 2023 ஜூனில் பிரதமர் மோடி வெள்ளை மாளிகைக்குச் சென்றபோது அங்கே இவர்கள் பாடியவற்றில் ‘சைய்ய சைய்ய’வும் ஒன்று. ரஹ்மானின் அந்த மெட்டை நாம் ‘உயிரே’ படத்தில் ‘தையா தையா’ என்று கேட்டிருக்கிறோம்.