குலச் சின்னமும் கோயில் அறமும்

குலத்திற்கு ஒரு சின்னம் கொள்ளுதல் தமிழகத்தின் பழைய மரபாகும். சேரர் வில்லையும், சோழர் புலியையும், பாண்டியர் கயலையும் தத்தம் இலச்சினையாகக் கொண்டனர் என்பது யாவரும் அறிந்ததே. கொடியிலும் காசிலும் செப்பேட்டு முத்திரையிலும் அவை விளங்கின.

சங்கரன்கோவில் பாண்டி நாட்டுத் தலம். உக்கிரபாண்டியர் இங்குத் திருப்பணி செய்தார் என்பது தல வரலாறு. பாண்டியரின் கயல் காவலைக் குறிக்கும். மீன் தன் சினையைக் கண்ணிமையாது நோக்கியே காக்கும் என்பர் பெரியோர். மதுரை அம்மை அங்கயற்கண்ணி எனப் பெயர் பெற்றதும் அக்கருத்துப் பற்றியே என்பர். அக்கயல் கடலையும் கடந்தது. இலங்கைத் திருகோணமலைக் கோட்டை வாயிலில் இணைக்கயல் உருவத்தை இன்றும் காணலாம்.

முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளைக் கொண்டவை. பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவர்க்கு அளித்த அறத்தைக் கூறுவன. அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையில் சோழர் புலியோடு பாண்டியர் இணைக்கயலும் சேரர் வில்லும் காணப்படுகின்றன. வெற்றிப் பெருமிதம் அதில் உண்டு. எனினும் முத்திரையின் முதற்பயன் பெருமிதமன்று. அளித்த நிலம் மீளப் பெறப்படாது என்னும் உறுதிமொழியே அது.

இச்சின்னங்களுக்கு அப்பாற்பட்ட ஒரு பொருளைச் சங்கரன்கோவில் உணர்த்துகின்றது. சிவனே பெரியவன் என்றான் நாகர்கோமான் சங்கன். திருமாலே பெரியவன் என்றான் பதுமன். கோமதியம்மையின் தவத்திற்கு இரங்கி இறைவன் இருவரும் ஒருவராய்ச் சங்கரநாராயணராகக் காட்சி தந்தருளினான். ஆடித் தபசு அதனையே ஆண்டுதோறும் நினைவுறுத்துகின்றது. வலப்பாகத்தில் மழு, இடப்பாகத்தில் சங்கு. சோழர் முத்திரையில் வென்றவர் சின்னத்தின் அருகே தோற்றவர் சின்னம் நின்றது. இத்திருமேனியிலோ வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை.

பழங்கல்வெட்டுகள் பல, இவ்வறத்தைக் காப்பவர் திருவடி எம் தலைமேலன என்னும் கருத்தோடு முடிகின்றன. முடிமன்னரும் பின்வரும் காவலர்க்குத் தலை வணங்கினர். புலிக்கொடியும் கயற்கொடியும் இன்று பறக்கவில்லை. அவர் ஏற்றிய விளக்குகள் பல இன்றும் எரிகின்றன. மண்டகப்படியும் கட்டளையும் ஏற்று, தூணிலும் வாகனத்திலும் குலப்பெயர் பொறிக்கும் குடும்பத்தார்க்கும் சங்கத்தார்க்கும் இஃதோர் அரிய பாடமாகும். பொறித்த பெயர் புகழுக்கன்று. ஏற்ற கடமையை வழிவழியாக நிறைவேற்றுதற்கே. அவ்வுறுதி தழைக்கக் கோமதியம்மை உடனுறை சங்கரலிங்கப் பெருமானும் சங்கரநாராயணரும் திருவருள் புரிவாராக!