மெரினாவின் முதல் காவலர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைக்குக் கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் புயலைவிட அதிகம் பயந்தது கரையோர அலைக்குத்தான். மாதக்கணக்கில் கடல் கடந்து வந்தவர்கள், கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கடைசி ஒரு மைலில் மூழ்கிப்போவது நடந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரை சேர வேண்டும்.

மசூலா படகில் ஓர் ஆணிகூட இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் பிளந்துவிடும். மசூலாவோ வளைந்து கொடுத்துத் தாங்கும். பின்னால் தண்டல் எனப்படும் படகுத் தலைவர் நின்று துடுப்பால் திசை திருப்ப, தண்டு வலிப்பவர்கள் அலை எழும் கணத்துக்காகக் காத்திருந்து ஒரே மூச்சில் கரைக்குப் பாய்வார்கள். கணக்குத் தப்பினால் படகு கவிழும். அதற்கும் ஏற்பாடு இருந்தது: மசூலாவை ஒட்டியே கட்டுமரங்களும் வரும். விழுந்தவர்களைத் தூக்குவது கட்டுமரக்காரர்களின் வேலை. ஆள் கடக்க முடியாத அளவுக்கு அலை மூர்க்கமானால் கரையில் எச்சரிக்கைக் கொடி ஏறும். அதன் பிறகும் கடலுக்குள் போகக் கூடியவர்கள் கட்டுமரக்காரர்கள் மட்டுமே. உயிர் காப்பாற்றியவர்களுக்கு மெடல் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. மெடலைத் தவிர வேறென்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் எச்சரிக்கைக் கொடி, கூடவே வரும் மீட்பு ஆள், வெகுமதி என மூன்றும் அன்றே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனைக்கும் இன்று நாம் கடலை போட்டு நடக்கும் அந்த அகன்ற மணல்வெளி அப்போது இல்லை. அலை சாலைக்கு வெகு அருகில் அடித்துக்கொண்டிருந்தது. துறைமுக வேலை 1876-ல் தொடங்கியது, 1881 நவம்பர்ப் புயல் கட்டியதில் பெரும்பகுதியைச் சாய்த்தது, மறுபடி கட்டினார்கள். சென்னைக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. மெரினாவின் அழகுக்கு வடசென்னை கொடுத்த விலை அது. யாரும் திட்டமிட்டு உருவாக்கிய கடற்கரை அல்ல இது.

ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் கடலோர நடைபாதை அமைத்து, சிசிலித் தீவின் நினைவில் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். பிழைப்புக்கான கரை காற்று வாங்கும் இடமாயிற்று. துறைமுகம் வந்ததும் மசூலாவுக்கு வேலை போனது. அத்தோடு ஒன்றை மறந்தார்கள். மணல்தான் புதிது, கடல் பழையதே. கரை சட்டென்று சரிந்து இறங்குகிறது, அலை காலடியிலேயே உடைகிறது, திரும்பும் நீர் ஆளை இழுக்கிறது. தெண்டி, வன்னி என்று நீரோட்டத்தைத் திசை பிரித்துச் சொல்லத் தெரிந்த, மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்து மீனவருக்கு இது பாலபாடம். முதன்முறை கடலைப் பார்க்கும் வெளியூர்க் கல்லூரி மாணவருக்கு எப்படித் தெரியும்? முழங்கால் ஆழத்தில் நிற்பவரையும் இந்தக் கடல் வாரிக்கொண்டு போகும்.

அரசு கரையை நெடுங்காலம் அழகின் கண்ணால்தான் பார்த்தது. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதென்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள், அது துப்பாக்கிச்சூட்டில் போய் முடிந்து உயிர்கள் பலியாயின. மூழ்குபவரைத் தூக்கத் தெரிந்த கைகளையே கரையிலிருந்து விரட்டப் பார்த்தார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. சுனாமி வந்தபோது மெரினாவில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளுக்கும் ஒரு நிமிட எச்சரிக்கைகூட இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல்தான் இயங்கத் தொடங்கியது.

2017 ஜனவரியில் கதை வேறு மாதிரி திரும்பியது. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் கூடியிருந்த இளைஞர்களை 23-ஆம் தேதி போலீஸ் கலைத்தபோது, பலர் கடலை ஒட்டி நின்றுவிட்டார்கள். உணவும் தண்ணீரும் கொடுத்து அடைக்கலம் தந்தவர்கள் குப்பத்து மக்கள். அதே நாளில் அந்த மீனவக் குப்பங்களில் ஒன்றான நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. காணும் பொங்கலன்று நீரோரம் சவுக்குக் கட்டைத் தடுப்பு, கண்காணிப்புக் கோபுரம், குதிரைப்படை, தொலைந்தால் கண்டுபிடிக்கக் குழந்தைகளின் கையில் பெற்றோர் தொலைபேசி எண் எழுதிய பட்டை என்று போலீஸ் தயாராக நிற்கிறது. இந்தப் பட்டை எளிய, அருமையான யோசனை. உயிர்காப்பு வேலைக்கு மீனவ இளைஞர்களையும் எடுக்கிறார்கள். கட்டுமரத்துக்கு மெடல் கொடுத்த காலத்துக்குச் சுற்றிவளைத்துத் திரும்பியிருக்கிறோம், அவ்வளவே.

ஆனால் மெரினாவில் உயிர் போவது தண்ணீரில் மட்டும் அல்ல. 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படை சாகசம் பார்க்கப் பல லட்சம் பேர் கூடினார்கள். நடுப்பகல் வெயில், நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் தேடி அலைச்சல், வெளியேற வழி இல்லாத நெரிசல். ஐந்து பேர் இறந்தார்கள். அலையைப் பற்றி இருநூறு ஆண்டு அனுபவம் உள்ள ஊர், கூட்டத்தைப் பற்றி இன்னும் அரிச்சுவடியில் இருக்கிறது.

செய்ய வேண்டியது தெரியாத விஷயம் அல்ல. திருவிழா நாளுக்கு மட்டும் ஆள் போடாமல், குப்பத்து நீச்சல்காரர்களுக்கு ஆண்டு முழுக்க நிரந்தரச் சம்பளமும் காப்பீடும் தர வேண்டும். மாநகராட்சி தண்ணீரும் நிழலும் வைக்க வேண்டும். மெரினாவுக்குப் போகிறவர்களும் ஒன்று செய்யலாம்: வலை பின்னிக்கொண்டிருக்கும் யாராவது கை காட்டி “எறங்காதப்பா” என்று சொன்னால், ஏன் என்று கரைக்கு வந்து கேளுங்கள்.