வட கடல் உரிம ஏலம் (1971)

வட கடலில் பிரிட்டனுக்கு உரிய பகுதியில் எண்ணெய், எரிவாயு தேடும் உரிமங்களுக்காகச் சோதனை முறையில் நடந்த ரொக்க ஏலம். அந்நாட்டில் கடல் உரிமம் ஏலத்தில் விடப்பட்டது அதுவே முதல் தடவை.

1964ஆம் ஆண்டின் கண்டத்திட்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டன் உரிமம் வழங்கத் தொடங்கியது. கடலை அட்சரேகை, தீர்க்கரேகைப்படி ஒரு பாகைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 30 பிளாக்குகளாக வகுத்தார்கள். 211/21 என்றால் 211ஆம் கட்டத்தின் 21ஆம் பிளாக். அமெரிக்கா 1954 முதலே மெக்சிகோ வளைகுடாவில் மூடிய உறையில் தொகை கேட்டு, அதிகம் கொடுப்பவருக்குக் குத்தகை விட்டுவந்தது. பிரிட்டன் அந்த வழிக்குப் போகவில்லை. எத்தனை கிணறு தோண்டுவீர்கள், உள்நாட்டுக்கு அதனால் என்ன நன்மை என்று கேட்டு அமைச்சகமே ஆளைத் தேர்ந்தெடுத்தது. முதல் சுற்றில் 348 பிளாக்குகள் இப்படிப் போயின. எண்ணெய் உண்டா இல்லையா என்றே தெரியாத கடலுக்கு அது பொருத்தமான முறைதான். 1970இல் பிபி நிறுவனம் ஃபோர்ட்டீஸ் வயலைக் கண்டுபிடித்ததும் அந்தச் சமாதானம் எடுபடாமல் போயிற்று.

நான்காம் சுற்றில் 15 பிளாக்குகளை மட்டும் மூடிய உறை ஏலத்துக்கு ஒதுக்கினார்கள். கிடைத்தது சுமார் 3.7 கோடி பவுண்டு. அதில் ஏறத்தாழ 2.1 கோடி, 211/21க்காக மட்டும் ஷெல்–எஸ்ஸோ கூட்டணி கொடுத்தது. அதே கோடையில், சற்றுத் தள்ளி 211/29இல், ஷெல் பிரென்ட் வயலைக் கண்டுபிடித்திருந்தது. 1972 வரை செய்தியை வெளியே விடவில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்புவது கடினம். அவ்வளவு கொட்டிக் கொடுத்த பிளாக்கில் 1974இல் வடக்கு கார்மரன்ட் வயல் கிடைத்தது. பிரென்டுக்கு முன்னால் அது சிறியதுதான்.

அந்தச் சுற்றின் மற்ற பிளாக்குகள் பழையபடியே சொற்பக் கட்டணத்துக்குப் போயின. பக்கத்துப் பிளாக்கின் விலை ஊரறிந்த பிறகு இதை நியாயப்படுத்துவது சிரமம். 1973இல் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு உரிம முறையையும் வரி முறையையும் சேர்த்தே கண்டித்தது. ஏலத்தில் வாங்காமல் விட்டதை வரியில் பிடிக்க, 1975இல் பெட்ரோலிய வருவாய் வரி வந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் தேசிய எண்ணெய்க் கழகம் செயல்படத் தொடங்கியது. 1980களில் 8, 9ஆம் சுற்றுகளிலும் சில பிளாக்குகளை ஏலம் விட்டார்கள். மற்றபடி அமைச்சகத் தேர்வே வழக்கமாக நீடித்தது.