ஏடு காட்டிய பெற்றோர்

குலமுறையை நாம் பெரும்பாலும் செவிவழியாகவே அறிகிறோம். அச்செய்தி எங்கே பிறழக்கூடும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

1620-ஆம் ஆண்டில் 'மேபிளவர்' என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து 102 பேர் அமெரிக்கா சென்று, பிளிமத்தில் குடியேறினர். முதற் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். பிழைத்தவருள் ஒருவர் ஜான் ஹவ்லண்டு. அக்குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரிடம் பணியாளாய் வந்தவர். நடுக்கடலில், புயலில் தவறி விழுந்த அவர், கப்பற் கயிறொன்றைப் பற்றி உயிர் தப்பினார். குடியரசுத் தலைவராய் விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவர் வழி வந்தவரே.

ஹவ்லண்டின் மனைவி ஆளுநர் கார்வரின் மகள் என்றே வழித்தோன்றல்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்போர்டு, கப்பலில் வந்தோர் குடும்பங்களை ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தார். மறைந்துபோன அந்தக் கையெழுத்துப் பிரதி, லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கண்டறியப்பெற்று, 1856-இல் அச்சேறியது. அதில் கண்ட உண்மை வேறு. அவள் எலிசபெத் டில்லி. உடன்வந்த தாய் தந்தையர் இருவரையும் கரை சேர்ந்த சிறிது காலத்திலேயே இழந்த சிறுமி.

ஆளுநர் பெயர் நாவில் நிலைத்தது. எளியவர் பெயர் மறைந்தது. ஏடு இருந்தமையால் அவர்கள் மீண்டனர். ஊர்விட்டு வந்து வாழும் நாமும், நம் பாட்டன் பாட்டியர் பெயரையும் ஊரையும் இன்றே எழுதி வைப்போமாக.